வியர்க்கும் யன்னல்களும் இரண்டரைப் பென்ஸ் கணக்கும்

(எமது வானொலியின் "வீடும் வரவுசெலவும்" பகுதியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வரி, மோட்கேஜ், ஓய்வூதியம் என்று பேசிக்கொண்டிருக்கும் நான், இன்று காற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணக்காளருக்குக் காற்றோடு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். குளிர்காலம் தொடங்கினால் எமது நிலையத் தொலைபேசிக்கு வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "வீட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது, என்ன செய்யலாம்?" அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கேள்வியும் வரும்: "சுவரில் துளை போட்டு ஒரு கருவி பூட்டினால் சூடு போகாமல் காற்று மாறும் என்கிறார்கள். உண்மையா, அல்லது காசைக் கறக்கிற வேலையா?" அந்தக் கருவியைத்தான் இன்று விளங்கிக்கொள்ளப் போகிறோம். கடைகளில் அதை சிங்கிள் ரூம் ஹீற் ரிக்கவரி வென்ரிலேஷன் என்று சொல்வார்கள். தமிழில், ஓர் அறைக்கான வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி எனலாம்.

நான் பொறியியலாளன் அல்லன், வணிகவியல் படித்தவன். ஆனால் இந்த விடயமும் ஒரு வரவுசெலவுக் கணக்குத்தான். வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வரவாகிறது, எவ்வளவு வெளியே செலவாகிறது, மிச்சம் எங்கே தங்குகிறது என்று பார்த்தால் போதும்.

முதலில் வரவு. நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம், மூச்சு, வியர்வை, சமையல், குளிப்பு, உடுப்புக் காயவிடுதல் எல்லாமாக ஒரு நாளைக்குச் சுமார் 10 லீற்றர் தண்ணீரை ஆவியாக வீட்டுக் காற்றில் விடுகிறது என்று இந்நாட்டில் பொதுவாகக் கணக்கிடுவார்கள். ஒருமுறை தோய்த்த உடுப்பை வீட்டுக்குள் கொடியில் போட்டால் அதிலிருந்து மட்டும் 2 லீற்றர் வரை வரும். நித்திரை கொள்ளும்போதும் ஒருவர் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரத்தை மூச்சாலும் தோலாலும் விடுகிறார். இருவர் 8 மணித்தியாலம் உறங்கினால் 640 கிராம், அதாவது அரை லீற்றருக்கு மேல்.

இப்போது அந்த அறைக் காற்றால் எவ்வளவு தாங்க முடியும் என்று பாருங்கள். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஆகக்கூடியது 17 கிராம் ஈரத்தைத்தான் வைத்திருக்கும். சாதாரண படுக்கையறை ஒன்றில் 30 கன மீற்றர் காற்று இருக்கும். ஆகவே முழு அறையும் தாங்கக்கூடியது அரை லீற்றர்தான். இருவரின் ஓர் இரவு மூச்சுக்கே அந்தக் காற்று போதாது. யன்னலையும் கதவையும் இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுத்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? காலையில் யன்னல் வியர்த்து நிற்கிறதே, அங்கேதான். கண்ணாடியில் தெரிவது ஒரு பகுதி. மெத்தைக்கும், அலுமாரியின் பின்புறச் சுவருக்கும், திரைச்சீலைக்கும் போனது கண்ணுக்குத் தெரியாது.

பாடசாலையில் சாரீரப்பதன் என்று படித்திருப்பீர்கள். காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது நூற்றுக்கு எத்தனை வீதம் இருக்கிறது என்பதே அது. வீட்டுக்குள் அது 40 முதல் 60 வீதத்துக்குள் இருப்பது நல்லது. 20 பாகையில் 60 வீதம் இருக்கிற காற்று, 12 பாகைக்குக் குளிர்ந்த ஒரு பரப்பைத் தொட்டால் தண்ணீராகிவிடும். பூஞ்சணத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்று 80 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றாலே அதற்குப் போதும். மேலே சொன்ன காற்றுக்கு, 15 பாகையில் இருக்கிற சுவர்மூலை ஒன்று அந்த நிலையை எட்டிவிடும். அதனால்தான் "தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாக இருக்கிறது" என்று பலர் வியக்கிறார்கள்.

இனிச் செலவுப் பக்கம். ஈரம் வெளியே போக ஒரே வழி, ஈரக் காற்று வெளியேறி வெளிக்காற்று உள்ளே வருவது. இந்த இடத்தில் எம்மவரிடம் ஒரு தப்பெண்ணம் உண்டு. "வெளியில் மழை, யன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். வெளியே 5 பாகை, மழை, சாரீரப்பதன் 100 வீதம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீற்றருக்கு 7 கிராம் ஈரம்கூட இல்லை. அது உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானதும் அதன் சாரீரப்பதன் சுமார் 37 வீதமாகிவிடுகிறது. குளிர்கால மழைக் காற்றும் எங்கள் வீட்டுக் காற்றைவிடக் காய்ந்த காற்றுத்தான்.

ஊரில் இந்தப் பிரச்சினை ஏன் இருக்கவில்லை? அங்கே வீடே மூச்சு விட்டது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி, கதவுக்கு மேலே காற்றுத் துவாரம், குசினி தனியே புறம்பாக. உள்ளும் வெளியும் ஏறத்தாழ ஒரே வெப்பம் என்பதால் காற்று மாறுவதற்கு நாங்கள் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே வெளியே போகிற ஒவ்வொரு கன மீற்றர் காற்றும் நாங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று. ஆகவே அடைக்கிறோம். யன்னலுக்கு மேலே இருக்கிற சிறு காற்றுத் துவாரத்துக்கு ரேப் ஒட்டுகிறோம். குளியலறை விசிறியின் ஆளியை நிறுத்திவிடுகிறோம். பழைய யன்னலைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி போடுகிறோம். முன்பு நீக்கல்களால் போய்க்கொண்டிருந்த காற்றும் அத்தோடு நின்றுவிடுகிறது.

இதைக் கட்டடக்கலை அறிந்தவர்கள் முன்னமே கண்டுகொண்டார்கள். வீட்டை இறுக்கமாகக் கட்டினால் அதற்கு மூச்சு விடவும் வழி செய்ய வேண்டும். ஜேர்மனியில் டாம்ஸ்ரட் நகரின் கிரானிக்ஸ்ரைன் பகுதியில் 1990-91இல் எழுந்த முதலாவது பஸீவ் வீடுகளில், வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றுகிற ஏற்பாடு ஒரு முக்கிய உறுப்பாக இருந்தது. ஆனால் அது வீடு முழுவதும் குழாய் ஓடுகிற பெரிய ஏற்பாடு. ஈஸ்ற்ஹாமிலோ ஹரோவிலோ ரூட்டிங்கிலோ இருக்கிற பழைய செங்கல் வீட்டில், ஆட்கள் குடியிருக்கும்போது கூரையையும் மேல்தளத்தையும் பிரித்துக் குழாய் போடுவது இலகுவல்ல. அதற்கு மாற்றாக வந்ததுதான் ஓர் அறைக்கு ஒரு கருவி. குழாய் வேண்டாம். வெளிச்சுவரில் ஒரு துளையும் ஒரு மின்னிணைப்பும் போதும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டு விசிறிகள் கொண்டது. ஒன்று உள்ளிருந்து ஈரக் காற்றை வெளியே தள்ளும், மற்றது அதே நேரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இரண்டு காற்றும் மெல்லிய தகடுகளுக்கு இரு பக்கமும் போகும், ஒன்றோடொன்று கலக்காது. சூடு மட்டும் தகடு வழியாகக் கடக்கும். குளியலறைக்கு இது பொருத்தம். உள்ளே குளிர்ந்து சேரும் தண்ணீர் வெளியே வடிவதற்காகக் கருவியைச் சற்று வெளிப்பக்கம் சரித்துப் பூட்டுவார்கள்.

மற்றது, ஒரே விசிறியும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியும் கொண்டது. விசிறி சுமார் 70 செக்கன் காற்றை வெளியே தள்ளும். அப்போது பீங்கான் சூடாகும். பின்பு விசிறி திசைமாறி அதேயளவு நேரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வருகிற காற்று பீங்கானில் தங்கிய சூட்டை எடுத்துக்கொண்டு வரும். இதைச் சோடியாகப் பூட்டுவதே முறை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்க வேண்டும். இந்த வகை சிறிதளவு ஈரத்தையும் திருப்பிக் கொண்டுவரும் என்பதால் படுக்கையறைக்கும் இருப்பறைக்கும் நல்லது, நீராவி நிறைகிற குளியலறைக்கு முதல் வகையே மேல்.

பெட்டியில் 80 வீதம், 90 வீதம் சூட்டை மீட்கும் என்று எழுதியிருக்கும். அது ஆய்வுகூடத்தில், ஆகக்குறைந்த வேகத்தில் எடுத்த கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் 70 வீதம் என்று எடுக்கிறேன். உள்ளே 20 பாகை, வெளியே 5 பாகை என்றால், கருவி வழியாக வரும் காற்று 15½ பாகையில் வரும். யன்னலைத் திறந்தால் 5 பாகையில் வரும். வித்தியாசம் அதுதான்.

இப்போது எனக்குப் பழக்கமான இடத்துக்கு வருகிறோம்: காசுக் கணக்கு. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் காற்றோட்டத்துக்கான பகுதி எஃப், தொடர்ந்து ஓடுகிற விசிறி என்றால் குளியலறையிலிருந்து செக்கனுக்கு 8 லீற்றர் காற்றை இழுக்க வேண்டும் என்கிறது. அது மணிக்கு 29 கன மீற்றர் அளவு. வருடத்தில் 200 நாள் ஹீற்றிங் போடுகிறோம், அந்த நாட்களில் உள்ளுக்கும் வெளிக்கும் சராசரி 12 பாகை வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றோடு போகிற சூடு கிட்டத்தட்ட 550 யூனிற், அதாவது கிலோவாற் மணி. 70 வீதம் மீட்டால் 380 யூனிற் மிச்சம்.

எரிவாயு யூனிற் 6 பென்ஸ், மின்சாரம் யூனிற் 25 பென்ஸ் என்று கணக்குக்காக வைக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மாற்றிப் பாருங்கள். எரிவாயு பொய்லர் உள்ள வீட்டில், பொய்லரில் வீணாவதையும் சேர்த்தால், வருட மிச்சம் சுமார் 27 பவுண். மின்சார ஹீற்றர் மட்டும் உள்ள மாடிக் குடியிருப்பில் அதே சூட்டின் பெறுமதி சுமார் 95 பவுண்.

கருவி எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? மெதுவான வேகத்தில் 4 வாற் என்று எடுப்போம். வருடம் முழுவதும் இரவு பகலாக ஓடினாலும் 35 யூனிற், அதாவது 9 பவுணுக்குள். நாளொன்றுக்கு இரண்டரைப் பென்ஸுக்கும் குறைவு.

ஒப்பந்தக்காரர் ஒருவர் கருவி, துளை, மின்னிணைப்பு எல்லாம் சேர்த்து 600 பவுண் கேட்கிறார், சூடு மீட்காத சாதாரண விசிறிக்கு 250 பவுண் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு விசிறி எப்படியும் வேண்டும். ஆகவே 600ஐக் கணக்குப் பார்ப்பது முறையல்ல, கூடுதலாகக் கொடுக்கிற 350 பவுணைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு விசிறி ஓடுவதால் கூடுகிற மின்செலவு 4 பவுணையும் கழித்தால், எரிவாயு வீட்டில் அந்தப் பணம் திரும்பிவர 15 வருடம். கருவி அவ்வளவு காலம் உழைக்குமா என்பதே சந்தேகம். மின்சார ஹீற்றர் வீட்டிலோ நாலு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

ஆகவே எரிவாயு வீட்டுக்காரரிடம் யாராவது வந்து "இதைப் பூட்டினால் உங்கள் பில் பாதியாகும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு குளியலறைக் கருவி மிச்சம் பிடிப்பது மாதத்துக்கு இரண்டு பவுணளவுதான். இந்தக் கருவியின் பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. குளிர்காற்று வராது, சூடு போகாது என்பதால் வீட்டுக்காரர் அதை நிறுத்திவைக்க மாட்டார். நிறுத்திவைத்த விசிறி எவ்வளவு மலிவாக வாங்கியதாக இருந்தாலும் நட்டம்தான். ஓடிக்கொண்டிருக்கிற விசிறி பூஞ்சணத்தைத் தடுக்கிறது, மறுபடி மறுபடி பெயின்ற் அடிப்பதைத் தடுக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நெஞ்சைக் காக்கிறது.

பிள்ளையின் நெஞ்சு என்றேன். அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ரொச்டேல் நகரில் ஒற்றைப் படுக்கையறை மாடிக் குடியிருப்பில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசெம்பரில் இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். தகப்பன் 2017இலேயே பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டில் நீண்டகாலம் பூஞ்சணத்துக்கு ஆளானதால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். வீட்டுக்குப் போதிய காற்றோட்டம் இருக்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்ட சங்கமோ, அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையே ஈரத்துக்குக் காரணம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அப்படி எண்ணியது தவறு என்று பின்பு அது ஒத்துக்கொண்டது.

நேயர்களே, "வாழ்க்கை முறை" என்ற அந்தச் சொல் எமக்குப் புதிதல்ல. சமூக வீடமைப்புக்கான குறைகேள் அதிகாரி 2021 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே, ஈரமும் பூஞ்சணமும் வாழ்க்கை முறை சார்ந்ததல்ல என்று எழுதினார். அவ்வளவு பரவலாக அந்தச் சாட்டு சொல்லப்பட்டு வந்தது.

எமது சமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் நான் கடிதங்கள் வாசித்துக் கொடுப்பதுண்டு. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு தாய் ஒரு கடிதத்தோடு வந்தார். வீட்டுச் சொந்தக்காரச் சங்கம் அனுப்பியது. சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். "நீராவி அதிகமாக வரும் சமையலைக் குறையுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், சுவரைத் துடையுங்கள்" என்று அதில் இருந்தது. ஏழு வயது மகனுக்குத் தொய்வு. இரவில் முட்டு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். கடிதத்தை நான் தமிழில் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அண்ணை, நான் புட்டு அவிக்கிறதை நிப்பாட்டினா இவனுக்கு முட்டு நிண்டிடுமோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் அனுதாபத்தில் இல்லை, கணக்கில்தான் இருந்தது. பத்துப் பவுணளவில் ஈரமானி ஒன்று வாங்கச் சொன்னேன். மகனின் அறையில் வைத்து, காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வெப்பமும் ஈரமும் என்ன என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். அன்று என்ன சமைத்தது, எத்தனை பேர் குளித்தது, யன்னல் எவ்வளவு நேரம் திறந்தது என்பதும் பக்கத்தில். மூத்த மகள் மூன்று கிழமை ஒழுங்காக எழுதினாள். காலை ஏழு மணிக்கு அந்த அறை எப்போதும் 75 வீதத்துக்கு மேல். சமைக்காத நாளிலும் அப்படியே. ஆகவே புட்டில் குற்றமில்லை.

பிறகு குளியலறை விசிறியில் ஒரு கடதாசிச் சோதனை. ஒரு துண்டு ரொய்லெற் கடதாசியை ஓடுகிற விசிறியில் பிடித்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே விழுந்துவிட்டது. விசிறி சத்தம் போட்டது, காற்றை இழுக்கவில்லை. கொப்பியின் படியையும் கடதாசி விழுகிற படத்தையும் இணைத்துக் கடிதம் போட்டோம். இம்முறை அளவையாளர் வந்தார். விசிறியின் குழாய் கூரைக்குள்ளேயே கழன்று கிடந்தது. குளியலறையின் ஈரமெல்லாம் கூரைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. குழாயைத் திருத்தி, குளியலறைக்குத் தொடர்ந்து ஓடும் வெப்பமீட்புக் கருவி ஒன்றும் மகனின் அறைக்கு ஒன்றும் பூட்டினார்கள். அடுத்த மாதக் கொப்பியில் காலை அளவு 55க்கும் 60க்கும் இடையில் வந்தது.

ஒரு மூலை மட்டும் மாறவில்லை. அங்கே வெளியே பீலி உடைந்து மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பீலியைத் திருத்திய பிறகுதான் அதுவும் காய்ந்தது. இதையும் ஏன் சொல்கிறேன் என்றால், காற்றோட்டக் கருவி காற்றில் உள்ள ஈரத்தைத்தான் எடுக்கும். ஒழுகும் கூரைக்கும், உடைந்த குழாய்க்கும், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கும் அது மருந்தல்ல. மகனின் தொய்வு முற்றாக மாறிவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. அவன் இன்னமும் பம் பாவிக்கிறான். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் இரவு ஆஸ்பத்திரி ஓட்டம் இருக்கவில்லை என்று தாய் சொன்னார்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அவாப் சட்டம் என்று அழைக்கப்படுகிற ஏற்பாடு, 2023ஆம் ஆண்டின் சமூக வீடமைப்புச் சட்டத்தின் கீழ், 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளுக்கும் வீட்டுச் சங்க வீடுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரும் ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் அறிவித்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்து 3 வேலை நாட்களுக்குள் எழுத்தில் முடிவு தர வேண்டும். 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு தங்குமிடம் தர வேண்டும். அவர்கள் தட்டிக்கழித்தால், முதலில் அவர்களின் முறைப்பாட்டு வழியில் போய், பின்பு குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தனியாரிடம் வாடகைக்கு இருப்போர் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதியை அழைக்கலாம். 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் வந்து வீட்டைப் பரிசோதிக்க முடியும். வீடு மனிதர் வாழத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகவும் வழியுண்டு. அவாப் சட்டத்தைத் தனியார் வாடகை வீடுகளுக்கும் விரிப்பதற்கு 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உள்ள நேயர்களுக்கு விதிகள் வேறு. அங்குள்ள ஆலோசனை நிலையத்தில் கேளுங்கள்.

சொந்த வீட்டில் கருவி பூட்ட விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில.

ஒன்று, துளை. பல கருவிகளுக்கு 150, 160 மில்லிமீற்றர் துளை தேவை. பழைய விசிறியின் 100 மில்லிமீற்றர் துளைக்குள் பொருந்துபவையும் உண்டு. மாடிக் குடியிருப்பு என்றால் வெளிச்சுவர் உங்களுடையதல்ல. நிலவுரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் துளைக்க வேண்டாம்.

இரண்டு, சத்தம். படுக்கையறைக்கு வாங்குவதென்றால் மெதுவான வேகத்தில் எத்தனை டெசிபெல் என்று கேளுங்கள். முடிந்தால் ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சத்தத்தால் நித்திரை கெட்டால் முதல் கிழமையே ஆளியை நிறுத்திவிடுவீர்கள்.

மூன்று, இடம். அடுப்புக்கு மேலே இதைப் பூட்டக்கூடாது. எண்ணெய்ப் புகை வடிகட்டியை அடைத்துவிடும். அடுப்புக்கு வெளியே குழாய் போகிற ஹூட் வேண்டும். பலருடைய ஹூட் வெளியே போவதில்லை. கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்பக் குசினிக்குள்ளேயே விடுகிறது. மணம் கொஞ்சம் குறையும், நீராவி அப்படியே இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று இன்றைக்கே பாருங்கள்.

நாலு, கதவடி. அறைக்குள் அறை காற்று ஓட, உட்கதவுகளுக்குக் கீழே 10 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். தடித்த காப்பெற் போட்டு அதை அடைத்துவிடாதீர்கள்.

ஐந்து, சுத்தம். வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்குங்கள். அடைபட்ட கருவி பூட்டாத கருவிக்குச் சமம்.

கருவி வாங்க வசதியில்லாதவர்கள் கைகட்டி இருக்கத் தேவையில்லை. ஜேர்மனியில் உள்ள உங்கள் உறவினரைக் கேட்டால் சொல்வார்கள், அங்கே குளிர்காலத்திலும் நாளுக்குச் சில தடவை யன்னலை முழுதாகத் திறந்து ஐந்து, பத்து நிமிடத்தில் பூட்டிவிடுவது வழக்கம். அந்த நேரத்தில் காற்று மாறிவிடும், சுவரின் சூடு போகாது. நாள் முழுவதும் சிறிதாகத் திறந்து வைப்பதைவிட இது சிக்கனம். சட்டியை மூடிச் சமையுங்கள். உடுப்பைக் குளியலறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தி விசிறியை ஓடவிடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள். யன்னல் துவாரத்தில் ஒட்டிய ரேப்பைக் கழற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்போர் ஒன்றை அறிய வேண்டும். அது 200 வாற் என்றால், நாளுக்கு 8 மணித்தியாலம் ஓட 40 பென்ஸ் ஆகும். அவசரத்துக்கு உதவும், ஆனால் புதிய காற்றைத் தராது.

எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குளியலறை விசிறியின் ஆளி கதவுக்கு மேலே இருக்கும். பில்லுக்குப் பயந்து அதை நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் இன்றிரவே அதைப் போடுங்கள். நாளுக்கு இரண்டு, இரண்டரைப் பென்ஸ்தான். கடதாசித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டினால் நல்லது. விழுந்தால் படம் எடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியவில்லை என்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வாருங்கள், ஈரமானிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். கடிதத்தை இருந்து எழுதுவோம். ஈரமானி இல்லாதவர்களுக்கு நிலையத்தில் மூன்று இருக்கின்றன, இரண்டு கிழமைக்கு இரவல் தரலாம்.

அடுத்த மாதம் சுயதொழில் செய்வோரின் வரிப் பத்திரங்களோடு சந்திக்கிறேன். அதுவரை விடைபெறுகிறேன்.